கிராமக் கம்ப்யூட்டர் சங்கமும் உபகாரச் சம்பளமும்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளிவருகிறது. முதன்மையாகத் தேறிய மாணாக்கரின் படங்களைப் பத்திரிகைகள் அச்சிடுகின்றன. தாய்தந்தையர் அவர்களுக்கு இனிப்பு ஊட்டும் காட்சியும் தவறாமல் இடம்பெறுகிறது. அது நியாயமே, உழைத்தவருக்கு அப்புகழ் உரியது. ஆனால் அப் படங்களில் இடம்பெறாத பெருங்கூட்டம் ஒன்று உண்டு. பரீட்சையில் தேறியும், மேற்கொண்டு எங்கே சேருவது, எதைக் கொண்டு சேருவது என்று அறியாது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையே இங்குக் கருதுகிறோம். வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் இத்தகைய பிள்ளைகள் இல்லாத தெரு அரிது. முடிவு வந்த ஐந்தாறு வாரங்களுக்குள் அவர்களுடைய எதிர்காலம் ஏறத்தாழ நிச்சயிக்கப்பட்டுவிடுகிறது. அதற்குள் கையில் சிறு தொகை கிடைத்தவன் கலாசாலைக்குப் போகிறான். கிடைக்காதவன் கூலி வேலைக்குப் போகிறான். பெண்ணாயிருந்தால், அவளுக்கு வரன் தேடும் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது.

கிராமத்தில் அமையும் கம்ப்யூட்டர் சங்கம் ஒவ்வொன்றும், தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியேறும் மாணாக்கருக்கு உபகாரச் சம்பளம் அளிப்பதைத் தன் முதற் கடமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நாம் சொல்லப் புகுந்த விஷயம்.

இதைக் கேட்டுச் சிலர் நகைக்கக்கூடும். கம்ப்யூட்டர் சங்கத்துக்கும் கல்விக் கொடைக்கும் என்ன சம்பந்தம் என்று வினவுவர். அமெரிக்காவில் சில சிற்றூர்களிலுள்ள கம்ப்யூட்டர் சங்கங்கள், அங்கத்தினர் சந்தாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் மாணாக்கருக்கு வருஷந்தோறும் உபகாரச் சம்பளம் வழங்கி வருகின்றன. ஆனால் அயலார் செய்கிறார்கள் என்பதற்காக நாம் இதைச் செய்ய வேண்டியதில்லை. நம் வில்லியனூரிலேயே இதற்கு அஸ்திவாரம் இடப்பட்டிருக்கிறது.

1998-ஆம் வருஷத்தில் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கானடா தேசத்து சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி மையத்தின் பொருளுதவியுடன், புதுவைக் கிராமங்களில் தகவல் நிலையங்களை நிறுவத் தொடங்கினர். வில்லியனூர் தலைமை நிலையமாயிற்று. கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிளைகள் எழுந்தன. தொலைபேசிக் கம்பி சரிவர எட்டாத இடங்களில் இருவழிக் கம்பியில்லாக் கருவியைக் கொண்டு கம்ப்யூட்டர்களை இணைத்தனர். மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும் என்பதால் சூரிய ஒளித் தகடுகளைக் கூரைமேல் ஏற்றினர். ஏம்பலத்தில் நிலையம் கோயிலுக்குரிய இடத்திலேயே அமைந்தது. நிறுவனத்தார் ஊராரிடம் கேட்டவை சில: இடம் ஊரார் தரவேண்டும், நிலையத்தை நடத்துவோரையும் ஊராரே தேர்ந்தெடுக்கவேண்டும், எந்த ஜாதியாராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், தடையின்றி உள்ளே வரவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையின் அருமையை, நம் கிராமங்களை அறிந்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை. நிலையங்களை நடத்தியவர்களில் பலர் பெண்கள். பள்ளிப் படிப்போடு நின்று, அடுக்களைக்குள் அடங்கிவிடுவார்கள் என்று ஊர் முடிவுகட்டியிருந்த பெண்கள், கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து ஊருக்குச் செய்தி சொன்னார்கள்.

கீழூரின் பெயரை வாசகர்கள் கவனித்திருப்பர். 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டுமென்று வாக்களித்த ஊர் அதுவே. நாட்டின் விடுதலைக்கு வாசலாக நின்ற அச் சிற்றூரே, நாற்பத்துநான்கு வருஷங்களுக்குப் பின் கிராமத்து அறிவு நிலையங்களின் முதல் வரிசையில் நின்றது. இது தற்செயலாகவே நேர்ந்திருக்கலாம். ஆயினும் நினைக்க மகிழ்ச்சியாயிருக்கிறது.

அந் நிலையங்கள் செய்த தொண்டு சாமானியமன்று. நெல் விலை, உர விலை, கால்நடை நோய், ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கும் நேரம் இவையெல்லாம் தமிழில் எழுதப்பட்டு ஊரார் பார்வைக்கு வைக்கப்பட்டன. சர்க்காரின் உதவித் திட்டங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை திரட்டி வைக்கப்பட்டிருந்தன. எந்த உதவிக்கு யார் தகுதியுடையவர் என்பதைக் கிராமவாசி தாசில் ஆபீசில் கால்கடுக்க நிற்காமலே அறியலாயிற்று. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையார் வெளியிடும் அலை உயரக் கணிப்பை நிலையத்தார் எடுத்து, ஒலிபெருக்கி வழியாக மீனவருக்கு அறிவித்தனர். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை எழுந்த காலையில், சிங்கப்பூரிலிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைபேசி வழியாகத் தம் ஊருக்கு எச்சரிக்கை அனுப்ப, அவ்வூர் அறிவு நிலையத்தின் ஒலிபெருக்கி அலறிற்று. சுமார் 3,600 ஜனங்கள் கரையைவிட்டு விலகித் தப்பினர். வீடுகள் இடிந்தன, படகுகள் நொறுங்கின; உயிர்கள் பிழைத்தன.

அந் நிலையங்களின் தொண்டுக்கு 2001-இல் ஸ்டாக்ஹோம் நகரத்தார் பரிசளித்தனர். உலகம் புகழ்ந்தது; அயல்நாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வந்து எழுதிச் சென்றனர். அதெல்லாம் சரி. அதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் கருதவேண்டும்.

காலம் மாறிவிட்டது. அலையின் உயரமும் நெல்லின் விலையும் இன்று ஒவ்வொருவர் மடியிலுமுள்ள செல்போனிலேயே தெரிகின்றன. பரீட்சை முடிவை அறிய எந்த நிலையத்துக்கும் ஓடவேண்டியதில்லை. தகவல் சொல்வது என்ற பழைய வேலையைச் செல்போன் எடுத்துக்கொண்டது. ஆகவே கிராமத்துக்குக் கம்ப்யூட்டர் நிலையமே இனி வேண்டாம் என்று சிலர் தீர்மானித்துவிட்டனர். இத் தீர்மானம் அவசரமானது என்பது நமது அபிப்பிராயம். செல்போனில் விரலால் தடவிப் பழகிய பிள்ளைக்கும், விசைப்பலகையின் முன் அமர்ந்து வேலை செய்யும் பிள்ளைக்கும் உள்ள தூரம் சிறிதன்று. அத் தூரம் எங்கே வெளிப்படுகிறது தெரியுமா? காலாப்பட்டிலுள்ள புதுவைச் சர்வகலாசாலையின் வாசலில் வெளிப்படுகிறது. அங்கே இளங்கலை வகுப்புகளில் சேருவதற்கு 2022 முதல் தேச முழுமைக்குமான பொது நுழைவுத் தேர்வில் தேறவேண்டியிருக்கிறது. அத் தேர்வோ கம்ப்யூட்டரில் எழுதவேண்டியது. நகரத்துப் பிள்ளை அதுபோன்ற மாதிரிப் பரீட்சைகளைப் பல முறை எழுதிப் பார்த்துவிட்டு வருகிறான். சேலியமேட்டுப் பிள்ளையோ, தேர்வுக் கூடத்தில்தான் முதன்முதலாக அவ்விதப் பரீட்சையைக் காண்கிறான். அவன் கேள்விக்கு விடை அறியாதவனல்லன். யந்திரத்துக்கு அஞ்சியே நேரத்தை இழக்கிறான். தன் ஊருக்கு அருகிலேயே உள்ள சர்வகலாசாலை அவனுக்குத் தூரமாகிவிடுகிறது.

கல்விச் சாலைகளுக்குப் புதுவையில் பஞ்சமில்லை. பாகூர்க் கொம்யூனுக்குள்ளேயே, பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் கடலூர்ச் சாலையோரமாக வைத்தியக் கலாசாலைகளும் பொறியியற் கலாசாலைகளும் மாடமாளிகைகளாக எழுந்து நிற்கின்றன. அவற்றின் வாயிலைப் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போய் வந்தனர். சர்க்கார் பள்ளிகளில் பயின்றோருக்கு வைத்தியப் படிப்பில் நூற்றுக்குப் பத்து இடங்களை 2023-இல் புதுவை அரசாங்கம் ஒதுக்கியது. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் வைத்தியராகப் போகிறவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர். மற்றவர் கதி என்ன? முன்னொரு காலத்தில், படிப்பு ஏறாத பிள்ளைக்கு ஆலை இருந்தது. 1936-இல் குண்டடிபட்டு எட்டு மணி நேர வேலை உரிமையைப் பெற்ற தொழிலாளரின் பரம்பரை, அந்த ஆலைகளிலேயே தந்தைக்குப் பின் மகனாக உழைத்தது. வில்லியனூரிலிருந்து சைக்கிளில் ஆலைக்குப் போய் வந்தவர் எத்தனை பேர்! ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதியோடு மூடப்பட்டது. இன்று பள்ளிப் படிப்போடு நிற்கும் இளைஞனை ஏற்றுக்கொள்ள அந்தச் சங்கொலி இல்லை.

சர்க்கார் உதவிகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, நல்லவையே. பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, வருமான வரம்புக்குட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய சர்க்கார் இளங்கலைப் படிப்பின் முதல் மூன்று வருஷங்களுக்கு வருஷம் 12,000 ரூபாய் அளிக்கிறது. தொழிற்கல்வி பயிலும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ‘பிரகதி’ உபகாரச் சம்பளம் வருஷம் 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளியில் பயின்று கலாசாலை சேரும் பெண்களுக்கு 2022 முதலும் ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் இவற்றில் ஒரு சங்கடம் உண்டு. கலாசாலையில் சேரவேண்டியது ஆனி ஆடியில்; மத்திய சர்க்கார் உதவிக்கு விண்ணப்பம் முடிவதோ ஐப்பசியைத் தொட்டு நிற்கிறது; சரிபார்த்துப் பணம் பாங்கிக் கணக்கில் வந்து சேர மேலும் காலம் செல்கிறது. முன்பணம், பஸ் சீட்டு, புத்தகம், ஒரு ஜோடிச் செருப்பு ஆகிய இவை ஐப்பசிவரை காத்திரா. பாகூரிலிருந்து லாசுப்பேட்டைக்குத் தினந்தோறும் இரண்டு பஸ் மாறிப் போய்வரும் செலவையே தாங்கமாட்டாமல் முதல் பருவத்திலேயே நின்றுவிடும் பிள்ளை, வரப்போகும் உதவியை எப்படிப் பெறுவான்?

இன்னொன்று. அவ்வுதவிகள் அனைத்துக்கும் கம்ப்யூட்டர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று, ஜாதிச் சான்று, ஆதாருடன் இணைந்த பாங்கிக் கணக்கு, கலாசாலையின் ஒப்புதல் என்று படிக்குப் படி காகிதம். சான்றிதழில் தந்தையின் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் ஓரெழுத்து பிசகினால் விண்ணப்பம் திரும்பிவிடும். கூலிக்காரத் தாய் ஒருத்தி ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பட்டணத்துக் கடையில் காசு கொடுத்து, யாரோ அவசரமாக அடித்துத் தரும் விண்ணப்பத்தை நம்பி வீடு திரும்புகிறாள். கம்ப்யூட்டர் சங்கத்தின் வேலை இங்கேதான் இருக்கிறது. ஊரில் உள்ள ஒரு நிலையம், ஊரார் அறிந்த ஒருவர், பொறுமையாகப் பிழைதிருத்தி அனுப்பினால் சர்க்கார் பணம் ஊருக்கு வரும். அது வந்து சேரும்வரை பிள்ளையைக் கலாசாலையில் தாங்கி நிற்பதற்கே சங்கத்தின் சொந்த உபகாரச் சம்பளம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தாலொழியப் பிரயோஜனமில்லை. வெறும் உதவித்தொகை மட்டும் கொடுப்பவர்க்கு விண்ணப்பத்தின் சிக்கல் தெரியாது. விண்ணப்பம் மட்டும் அனுப்புபவர்க்குப் பசியின் அவசரம் தெரியாது.

பணத்துக்கு எங்கே போவது? இந்தக் கேள்விக்குப் பாகூரே விடை சொல்லியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக அளிக்கப்பட்டன. பாகூர்ச் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று அவ்வூர்களின் பெயரையும் குறிக்கின்றன. தானம் செய்தவர்கள் ஒரு வருஷத்துக்கு இத்தனை பொன் என்று எண்ணி நீட்டவில்லை. விளைநிலத்தை எழுதிவைத்தார்கள். மழை பெய்து நெல் விளையும்வரை கற்பவனுக்குச் சோறு உண்டு என்பது அந்த ஏற்பாட்டின் பொருள். அக் கலாசாலையின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. வேத சாஸ்திரம் கற்ற ஒரு வகுப்பாரின் உடைமையாகவே அது இருந்தது. பாகூர் ஏரிப் பாசனத்தில் சேற்றில் நின்று நெல்லை விளைவித்தவனுடைய மகனுக்கு அங்கே இடமிருந்திராது. அக் குறையை நாம் விட்டுவிடுவோம். அறக்கட்டளை என்னும் அந்தக் கூர்மையான யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். புதுவை நகரிலும் கல்வே சுப்பராய செட்டியாரின் கொடையால் 1877-இல் எழுந்த கல்விச்சாலை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

நம் சங்கங்களுக்கு நேரும் நோயை இங்கே சொல்லவேண்டும். ஓர் அயல்நாட்டு ஸ்தாபனம் சில வருஷங்களுக்குப் பணம் தருகிறது, வேலை நடக்கிறது. பணம் நின்றதும் வேலையும் தளர்கிறது. உபகாரச் சம்பளத்தை இத்தகைய நீரோட்டத்தை நம்பி ஆரம்பிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகமாகும். முதல் வருஷம் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் இரண்டாம் வருஷத்தில் இருக்கும்போது கையை விரித்தால், கொடுக்காமலே இருந்திருக்கலாம். ஆகையால் முதலில் மூலதனம் சேரவேண்டும். நூறு குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் போட்டால் வருஷத்தில் 1,20,000 ரூபாய். எட்டு வருஷம் அதைத் தொடாமல் வைத்தால் வட்டியோடு பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அதன் வட்டி நூற்றுக்கு ஆறு வீதமாயினும் 60,000 ரூபாய். ஐந்து பிள்ளைகளுக்குத் தலைக்கு 12,000 ரூபாய், ஊர் உள்ளளவும். எட்டு வருஷம் காத்திருக்க முடியாது என்பார்க்கு வேறு வழியும் உண்டு. ஊரிலிருந்து சிங்கப்பூருக்கும் பிரான்சுக்கும் சென்றவர் பலர். கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூச அவர்கள் அனுப்பும் தொகையில் ஒரு பங்கைக் கேட்பதில் பிழையில்லை. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக் காரியத்துக்குச் செலவிடக் கடமைப்பட்டிருக்கின்றன. சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் உள்ள தொழிற்பேட்டைகளின் கதவைத் தட்டவேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சங்கங்கள் வழிதவறுகின்றன. முதல் மதிப்பெண் பெற்றவனை மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, பெரிய அட்டையில் எழுதிய காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. அவனுக்கு உதவ நாலு பேர் தாமாகவே வருவார்கள். நடுவில் நிற்கும் பிள்ளைக்குத்தான் ஒருவரும் இல்லை. அறுபது மதிப்பெண் வாங்கியவள், தந்தை இல்லை, காலையில் தாயோடு களையெடுத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவள். அவள் பெறும் அறுபதை நாம் தொண்ணூறாகவே எண்ணுகிறோம். பட்டப் படிப்புக்கு மட்டுமே உதவி என்ற விதியும் வேண்டாம். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் சேருகிறவனுக்கு அதே தொகை, அதே மரியாதை. மதிப்பெண்ணை அறவே தள்ளிவிடச் சொல்லவில்லை. அது ஒன்றே தராசாகக் கூடாது என்கிறோம். தேர்ந்தெடுக்கும் குழுவில் பள்ளி ஆசிரியர் இருவர், பெண்கள் சரிபாதி, காலனியிலிருந்தும் ஊரிலிருந்தும் ஒப்ப எண்ணிக்கையில் அங்கத்தினர், கட்சிக்காரர் ஒருவருமில்லை என்று எழுதி வைத்துவிட்டால் பாதிச் சச்சரவு தீரும். மீதிப் பாதி, கணக்கை மாதந்தோறும் நிலையத்துச் சுவரில் ஒட்டினால் தீரும்.

பணம் பெற்றவர் திருப்பித் தரவேண்டுமா? பணமாக வேண்டாம். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு வந்து, அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் தட்டச்சும், கம்ப்யூட்டர் பரீட்சை எழுதும் பழக்கமும் சொல்லித் தரட்டும். இது நடவாத காரியமன்று. அண்டையிலுள்ள விழுப்புரத்தில், கட்டற்ற மென்பொருளில் ஈடுபட்ட இளைஞர் குழுவினர், விடுமுறை நாட்களில் கிராமத்து மாணாக்கருக்குக் கட்டணமின்றிக் கம்ப்யூட்டர்ப் பயிற்சி அளித்து வருகின்றனர். கற்றவரே பின்னர்க் கற்பிக்கிறார்கள். தென்காசியிலோ, தமிழர் ஒருவர் நிறுவிய ஜோஹோ கம்பெனியார் தாம் நடத்தும் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காததோடு மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்துத் தொழில் கற்பிக்கின்றனர். படிப்பவனுக்குப் பணம் கொடுப்பது நஷ்டமன்று என்பதைக் கணக்குப் பார்க்கும் வியாபாரிகளே கண்டுகொண்டார்கள். விலைக்கு வாங்கவேண்டாத மென்பொருளும், ஆபீசுகள் கழித்துவிடும் பழைய கம்ப்யூட்டரும் ஒரு நிலையத்தைத் தொடங்கப் போதும். யந்திரத்தில் மிச்சம் பிடித்ததைப் பிள்ளைகளுக்குச் செலவிடலாம்.

வில்லியனூரில் பிறந்து, பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர் வாணிதாசனும் உபாத்தியாயராகவே வேலை பார்த்தவர். அத்தகையோரை ஈன்ற மண்ணில், தேறிய பிள்ளை ஒருத்தி மூவாயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் கலாசாலை வாசலிலிருந்து திரும்புவதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

வரும் பரீட்சை முடிவுக்கு முன்பே ஒவ்வொரு கொம்யூனிலும் ஒரு சங்கமேனும் முன்வர வேண்டும். எடுத்த எடுப்பில் ஐம்பது பேருக்குக் கொடுக்க முயல வேண்டாம். இருவருக்குக் கொடுத்தாலும் படிப்பு முடியும்வரை கொடுக்கட்டும். விண்ணப்பத் தாள் தமிழில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், தாயே படித்துக் கையெழுத்திடக்கூடியதாக இருக்கட்டும். அதைப் பங்குனி மாதத்திலேயே பள்ளித் தலைமையாசிரியரிடம் சேர்ப்பித்துவிட்டால், முடிவு வெளிவந்த வாரத்திலேயே பணம் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும்.